வலி வந்த பிறகு முடிவு செய்யலாம்

தேம்ஸ் நதிக்குத் தெற்கே, லண்டனின் சதர்க் நகரசபை எல்லைக்குள் இருக்கிறது பெக்கம். 1997 முதல் 2009 வரை, பன்னிரண்டரை ஆண்டுகள், அங்கே ஆறேழு மருத்துவச்சிகள் சேர்ந்து ஒரு பிரசவச் சேவையை நடத்தினார்கள். ஆல்பனி மருத்துவச்சியர் குழு என்பது அதன் பெயர். அவர்களின் பொறுப்பில் பிள்ளை பெற்றவர்கள் 2,568 பெண்கள். அவர்களில் நூற்றுக்கு 43.5 பேருக்கு வீட்டிலேயே பிரசவம் நடந்தது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

இந்த விகிதம் வசதியான புறநகர் ஒன்றில் கிடைத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் கடந்த நாற்பது ஆண்டுகளாக வீட்டுப் பிரசவத்தை விரும்பிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள், தோட்டம் வைத்த வீட்டில் குடியிருப்பவர்கள். பெக்கம் அப்படிப்பட்ட ஊர் அல்ல. ரை லேன் கடைத்தெருவில் சேனைக்கிழங்கு போன்ற யாம் கிழங்கும் வாழைக்காயும் கருவாடும் குவிந்து கிடக்கும். நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் நெருக்கமாக வாழும் இடம் அது. உயரத்தில் நடைபாதைகளால் இணைத்துக் கட்டிய நகரசபைக் குடியிருப்புகள் பாழடைந்து, தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன. ஆல்பனி குழுவிடம் வந்த பெண்களில் நூற்றுக்கு 57 பேர் கறுப்பினத்தவர், ஆசியர் முதலிய சிறுபான்மையினர். மூன்றில் ஒருவர் துணைவர் இல்லாதவர். துணைவர் மட்டுமல்ல, கைகொடுக்க வேறு ஆளும் இல்லாதவர்கள் 11.4 விழுக்காடு. வீட்டுப் பிரசவம் வசதியுள்ளவர்களின் ஆசை என்ற எண்ணத்தை இந்தப் பெண்கள் பொய்யாக்கினார்கள்.

மருத்துவச்சி என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழகத்தில் அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த, ஊர்ப் பிரசவங்களைப் பார்த்த பெண்களைக் குறித்தது. அவர்கள் கையில் அனுபவம் இருந்தது, அரசுச் சான்று இருந்ததில்லை. இலங்கைத் தமிழில் மருத்துவமாது என்றால் பயிற்சி பெற்ற அரசு ஊழியர். இங்கிலாந்தின் மருத்துவச்சி இந்த இரண்டாவது வகை. 1902-இல் வந்த மருத்துவச்சியர் சட்டத்துக்குப் பிறகு பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இன்று அது பல்கலைக்கழகப் படிப்பு. சிக்கல் இல்லாத பிரசவத்தை மருத்துவர் துணையின்றித் தன் பொறுப்பில் நடத்தும் உரிமை மருத்துவச்சிக்குச் சட்டப்படி உண்டு. யூடியூப் பார்த்துக் கணவரே பிரசவம் பார்த்ததாக நம்மூர்ச் செய்திகளில் வருவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இங்கிலாந்தில் ஏழைகள் வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டது பழைய கதைதான். 1936-இல் இன்னொரு சட்டம் வந்து, உள்ளாட்சிகள் மாதச் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை நியமித்தன. பையை மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் சென்ற அவர்கள் கிழக்கு லண்டன் துறைமுகத் தெருக்களின் அன்றாடக் காட்சி. ஐம்பதுகளில்கூட மூன்றில் ஒரு குழந்தை வீட்டில்தான் பிறந்தது. 1970-இல் பீல் குழு அறிக்கை எல்லாப் பிரசவங்களுக்கும் மருத்துவமனைப் படுக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எண்பதுகளில் வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்றாகத் தேய்ந்தது. மருத்துவமனைக்குப் போனதால்தான் குழந்தை இறப்பு குறைந்தது என்பது அப்போதைய பொது நம்பிக்கை. மார்ஜரி டியூ என்ற புள்ளியியலாளர் அரசின் எண்களையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த முடிவுக்கு அவை ஆதாரமாகவில்லை என்றார். உணவு, உடல்நலம், இரத்தம் ஏற்றும் வசதி, கருத்தடை எல்லாம் ஒரே காலத்தில் முன்னேறியிருந்தன. அவற்றில் மருத்துவமனையை மட்டும் பிரித்தெடுத்துப் பலனை அதன் கணக்கில் எழுதுவது எளிதல்ல. மருத்துவச் சோதனைகளுக்கு முறை வகுத்த ஆர்ச்சி காக்ரன் 1979-இல், ஆதாரத்தை மிகக் குறைவாக மதிக்கும் துறை என்று மகப்பேறு மருத்துவத்துக்கு மரக்கரண்டிப் பரிசு கொடுத்தார். கடைசி இடம் பிடித்தவருக்குக் கேலியாகத் தரும் பரிசு அது.

தொண்ணூறுகளில் காற்று திசை மாறியது. 1992-இல் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, பாதுகாப்பின் பேரில் எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்புவதை நியாயப்படுத்த முடியாது என்றது. அடுத்த ஆண்டு ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு, பெண்ணுக்குத் தெரிந்த ஒரு மருத்துவச்சியே கடைசிவரை பார்க்க வேண்டும் என்பதை அரசின் கொள்கையாக்கும் அறிக்கையைத் தந்தது. 1994-இல் டெப்ட்ஃபர்டில், அதுவரை தனியாகத் தொழில் செய்துவந்த மருத்துவச்சிகள் சிலர் ஒரு குழுவாகி, தேசியச் சுகாதாரச் சேவையோடு ஒப்பந்தம் போட்டார்கள். கட்டணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைத்துவந்த கவனிப்பை ஏழைகளுக்குக் காசில்லாமல் கொடுப்பது நோக்கம். டெப்ட்ஃபர்டில் ஆல்பனி என்றொரு சமூகக் கலைக்கூடம் உண்டு, பெயர் அங்கிருந்து வந்தது. 1997-இல் குழு கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையோடு நேரடி ஒப்பந்தத்துக்கு மாறி, பெக்கம் பெண்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது.

அந்த ஒப்பந்தத்தின் அமைப்பு முக்கியமானது. மருத்துவச்சிகள் மருத்துவமனையின் சம்பள ஊழியர்கள் அல்ல, சுயதொழில் பங்காளிகள். பணத்தைக் குழுவே நிர்வகித்தது, யார் எப்போது வேலை செய்வது என்பதையும் குழுவே தீர்மானித்தது. வட்டாரத்தின் சில பொது மருத்துவர்களிடம் பதிந்திருந்த கர்ப்பிணிகள் வரிசையாக அவர்களிடம் வந்தார்கள். ‘சிக்கலில்லாத கேஸ் மட்டும்’ என்ற வடிகட்டல் கிடையாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைக் கரு, மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் என்று எல்லாரும் அதில் அடக்கம். மருத்துவர் பார்க்க வேண்டியவர்களை மருத்துவரும் பார்த்தார், மருத்துவச்சி மட்டும் மாறவில்லை.

அலுவலகம் இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1998-இல் திறந்த பெக்கம் பல்ஸ் என்ற கட்டடத்தில் நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. கர்ப்பிணிகள் குழுவைத் தேடி அங்கேதான் வந்தார்கள். பெக்கமுக்கு இது முதல்முறை அல்ல. ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1926-இல் அதே ஊரில் ஒரு சிறிய வீட்டில் தொடங்கிய முன்னோடி நல மையம், 1935-இல் நடுவில் நீச்சல்குளம் வைத்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. நோயாளிகளுக்குப் பதிலாக நலமாக இருக்கும் குடும்பங்களைக் கவனிப்பது அதன் வேலை. புதிதாக வந்த தேசியச் சுகாதாரச் சேவையின் கட்டங்களுக்குள் பொருந்தாமல் 1950-இல் அது மூடப்பட்டது. அந்தக் கதை ஆல்பனி குழுவுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருந்திருப்பார்கள்.

வேலைமுறை எளிய கணக்கில் நின்றது. ஒவ்வொரு மருத்துவச்சியும் ஆண்டுக்கு 36 பெண்களுக்கு முதல் மருத்துவச்சி, வேறு 36 பேருக்கு இரண்டாம் மருத்துவச்சி. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து குழந்தை பிறந்து 28 நாள் வரை அந்த இருவரே. ஷிப்டு கிடையாது. பெண்ணின் கையில் மருத்துவச்சியின் பேஜர் எண் இருக்கும், பின்னாளில் கைபேசி எண். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பது தெரிந்த குரல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அடிமை வேலை போலத் தோன்றும். எல்லா நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பது உண்மை. ஆனால் மாதத்துக்கு முதல் மருத்துவச்சியாக மூன்று நான்கு பிரசவம், இரண்டாமவராக அதே அளவு என்றாலும், பெரும்பாலான இரவுகளில் தொலைபேசி அடிப்பதே இல்லை. உன்னைத் தெரிந்த பெண், காலை எட்டு மணிக்குக் கேட்கக்கூடிய விஷயத்துக்கு உன்னை நடுராத்திரியில் எழுப்புவதில்லை. அதோடு ஆண்டில் மொத்தமாக மூன்று மாத அளவு விடுப்பும் இருந்தது. ஷிப்டு வேலையில் சலித்து மருத்துவச்சிகள் தொழிலையே விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் குழுவில் பலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள்.

முதல் சந்திப்பு பெண்ணின் வீட்டில். ஆஸ்பத்திரி மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லும் பெண்ணும், தன் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டே பேசும் பெண்ணும் ஒருவரே என்று நம்புவது கடினம். வீட்டுக்குப் போகும் மருத்துவச்சிக்குக் கேட்காமலே பல விவரங்கள் தெரியவரும். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, குளிர்பெட்டியில் சாப்பிட ஏதும் இருக்கிறதா, கணவர் அறைக்குள் வந்ததும் மனைவியின் பேச்சு நிற்கிறதா. இவற்றுக்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது, இருந்தாலும் யாரும் உண்மையை நிரப்ப மாட்டார்கள். மொழி தெரியாத பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தாலும், மாதாமாதம் அதே முகம் வந்து வயிற்றில் கைவைத்துப் பார்க்கும்போது மொழியின் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இன்னொரு பக்கம் கர்ப்பிணிகளின் கூட்டம் வாரந்தோறும் நடந்தது. பாடம் நடத்துவது அங்கே குறைவு. போன வாரம் பிள்ளை பெற்றவள் கைக்குழந்தையோடு வந்து நடந்ததைச் சொல்வாள், அடுத்த வாரம் பெறப்போகிறவள் கேட்பாள். எங்கே வலித்தது, எப்போது பயம் வந்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சை வழிநடத்தும் மருத்துவச்சி பெரும்பாலும் வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தி. பெண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால், மருத்துவச்சி விலகிய பிறகும் அந்தப் பழக்கம் தொடரும் என்பது கணக்கு. தாய்வீடு நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பெண்ணுக்கு அது சிறிய விஷயமல்ல.

முப்பத்தாறாம் வாரச் சந்திப்புதான் இந்த முறையின் அச்சாணி. அன்று முதல் மருத்துவச்சியும் இரண்டாம் மருத்துவச்சியும் வீட்டுக்கு வருவார்கள். பிரசவத்தின்போது உடனிருக்கப் போகிறவர்களையும் பெண் அழைத்து வைத்திருப்பாள். கணவர், அக்கா, மாமியார், மாடியில் குடியிருக்கும் சிநேகிதி, யாராக இருந்தாலும் சரி. வலி தொடங்கினால் எப்படித் தெரியும், பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறத்தை ஏன் பார்க்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும், உடனிருப்பவர் என்ன செய்யலாம், என்ன பேசக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் போகும். கூடவே வீட்டின் அமைப்பும் கவனிக்கப்படும். மின்தூக்கி வேலை செய்கிறதா, ஆம்புலன்ஸ் எந்த வாசல் வரை வரும், நாலாம் மாடிப் படி வளைவில் தூக்குப்படுக்கை திரும்புமா, கீழ்க்கதவின் அழைப்புமணி அடிக்கிறதா. தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, பழைய துண்டுகள், கையில் நகர்த்தக்கூடிய ஒரு விளக்கு, குழந்தைக்குச் சூடான அறை. வீட்டில் தயார் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

இந்தச் சந்திப்பில் எங்கே பிரசவம் என்று யாரும் முடிவு கேட்பதில்லை. மற்ற இடங்களில் கர்ப்பத்தின் பத்தாம் வாரத்திலேயே வீடா ஆஸ்பத்திரியா என்று ஒரு கட்டத்தில் குறியிடச் சொல்வார்கள். வலி எப்படி இருக்கும் என்றே தெரியாத தலைச்சன் பிள்ளைக்காரி பயந்து ஆஸ்பத்திரி என்று போட்டுவிடுவாள். ஒருமுறை குறித்துவிட்டால் சேவை முழுவதும் அந்த வழியே அவளை இழுத்துச் செல்லும். ஆல்பனி குழு கேள்வியையே தள்ளிப்போட்டது. வலி வரட்டும், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம், உனக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம், போக வேண்டும் என்றால் சேர்ந்தே போகலாம், இருக்கலாம் என்றால் இருக்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு இடத்துக்கும் வரக்கூடிய ஒரே மருத்துவச்சி இருந்தால்தான் முடிவைத் தள்ளிப்போட முடியும். வீட்டுக்கு ஒரு குழு, ஆஸ்பத்திரிக்கு வேறொரு குழு என்று பிரித்துவிட்ட ஊரில் இது நடக்காது. 43.5 என்ற விகிதம் வீட்டுப் பிரசவத்தைப் பரப்பியதால் வந்ததல்ல. வலி வந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் எண்ணிக்கை அது.

இதில் உடலியல் காரணமும் உண்டு. பிரசவ வலியை நடத்தும் ஆக்ஸிடோசின் சுரப்பு பயத்தில் தடுமாறும். நடுராத்திரியில் டாக்ஸி பிடித்து, மூத்த பிள்ளையை யாரிடமோ தூங்க வைத்துவிட்டு, வெளிச்சம் கண்ணைக் கூசும் வார்டுக்குள் நுழையும்போது வலி நின்றுபோவது எல்லா ஊர் மருத்துவச்சிகளுக்கும் தெரிந்த சங்கதி. கருப்பை வாய் இன்னும் திறக்கவில்லை, போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல். உள்ளே சேர்த்துக்கொண்டால் படுக்கையில் படுத்தபடி கடிகாரம் ஓடத் தொடங்கும், பிறகு வலியைக் கூட்ட மருந்து, அதைத் தாங்க முதுகில் ஊசி என்று ஒன்று இன்னொன்றை அழைத்து வரும். மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே விழுவதில்லை. டாக்ஸிக் காசும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத வீட்டில் இதன் மதிப்பு தனி.

அவள் கொண்டுவரும் பை பெரியது. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க மரக்குழல் ஒன்று, கையடக்க டாப்ளர் கருவி ஒன்று. இரத்த அழுத்தமானி, சிறுநீர் பார்க்கும் பட்டைகள், கையுறைகள், தொப்புள்கொடிக் கவ்வி, தையல் பொருட்கள். உதிரப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து. குழந்தை மூச்சு விடாவிட்டால் காற்றூதும் பையும் முகமூடியும். வலிக்கு மூச்சில் இழுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு கலவை உருளை. குழந்தையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு எடைபார்க்கும் தராசு. வந்ததும் இவற்றை அறையின் ஓரத்தில் கண்ணில் படாமல் வைத்துவிட்டு அவள் செய்யும் வேலை பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். கால்மணிக்கு ஒருமுறை வலி இறங்கியதும் குனிந்து துடிப்பைக் கேட்பாள், ஒரு நிமிடம் எண்ணுவாள், குறித்துக்கொள்வாள். முக்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பெண் நடக்கலாம், சோபாவின் முதுகில் சாய்ந்து மண்டியிடலாம், தொட்டித் தண்ணீரில் இறங்கலாம். பிறக்கும் நேரம் நெருங்கியதும் இரண்டாம் மருத்துவச்சி வந்துவிடுவாள், தாய்க்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர்.

குழந்தை தாயின் மார்பில் ஏறிய பிறகும் அவசரம் கிடையாது. நஞ்சுக்கொடி தானாக விழும்வரை காத்திருப்பதே இந்தக் குழுவின் வழக்கம். மருத்துவமனைகளில் உடனே ஊசி போட்டுக் கொடியை இழுத்து எடுப்பார்கள், உதிரப்போக்கைத் தடுக்க அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஆல்பனி பெண்களில் நூற்றுக்கு 79 பேர் ஊசியில்லாமல் நஞ்சை வெளியேற்றினார்கள். அவர்களில் அளவுக்கு மீறி உதிரம் போனது 5.9 விழுக்காட்டினருக்கு. இந்த எண்ணை ஊசியே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியில் மருந்து கலக்காமல், இரவு முழுவதும் தெரிந்த ஒருவர் அருகில் இருந்து நடந்த பிரசவங்களுக்குப் பொருந்தும் எண் அது.

மருத்துவமனைக்குப் போனவர்களோடும் அதே மருத்துவச்சி போனாள். பிரசவ நேரத்தில் முதல் மருத்துவச்சியோ இரண்டாம் மருத்துவச்சியோ உடனிருந்தது 95.5 விழுக்காட்டுப் பெண்களுக்கு. வீட்டுப் பிரசவ விகிதத்தைவிட இந்த எண்தான் அரிதானது. வேறெந்தப் பெரிய நகரிலும் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து இதைச் சாதிப்பது எளிதாக இருந்திருக்காது.

மற்ற பலன்களும் பதிவாகியிருக்கின்றன. சிசேரியன் 16 விழுக்காடு. நாட்டில் அது ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றை நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கருவியின் உதவியில்லாத சுகப்பிரசவம் 79.8 விழுக்காடு. குறைமாதப் பிறப்பு 5 விழுக்காடு, வறுமைப் பகுதிக்கு இது குறைவு. பிறந்ததும் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 91.5 விழுக்காடு. இருபத்தெட்டாம் நாளிலும் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 74.3. பிறப்பையொட்டி இறந்த குழந்தைகள் பதினைந்து, அதாவது ஆயிரத்துக்கு 5.78. அவற்றில் இரண்டு கடுமையான பிறவிக் குறைபாட்டோடு தொடர்புடையவை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து அந்த ஆண்டுகளின் விகிதம் எட்டை ஒட்டி நின்றது. வலி தொடங்கிய பிறகு வயிற்றுக்குள்ளேயே இறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. கேரலைன் ஹோமர், நிக்கி லீப், நேடின் எட்வர்ட்ஸ், ஜேன் சேண்டல் ஆகிய நால்வர் வழக்கமான பதிவுகளிலிருந்து திரட்டி வெளியிட்ட எண்கள் இவை. வெளிவந்த ஆண்டு 2017. அதற்குள் குழு கலைக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

கலைத்தது 2009 டிசம்பரில். மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் இந்தக் குழுவில் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று கவலைப்பட்ட மருத்துவமனை, தேசிய அளவிலான மகப்பேறு ஆய்வு மையம் ஒன்றிடம் வெளி மதிப்பீடு கேட்டது. பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. மருத்துவச்சிகளும் அவர்களிடம் பிள்ளை பெற்ற பெண்களும் மதிப்பீட்டின் முறையே பிழை என்றார்கள். 2010 மார்ச்சில் கைக்குழந்தைகளோடு லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். குழுவின் பெக்கி ரீட், நேடின் எட்வர்ட்ஸோடு சேர்ந்து தங்கள் தரப்பை 2023-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

யார் பக்கம் நியாயம் என்பதைவிட, ஏன் எளிதில் தீர்க்க முடியவில்லை என்பதைப் பார்ப்பது பயன் தரும். இத்தகைய மூளைப் பாதிப்பு வளர்ந்த நாடுகளில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றிலிருந்து மூன்று. ஆல்பனி குழு பார்த்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பிரசவம். எல்லாம் சரியாக நடந்தாலும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு குழந்தை பாதிக்கப்படும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம், கவனக்குறைவாகவும் இருக்கலாம், எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எந்தக் காலத்தை எடுத்து எந்தக் குழுவோடு ஒப்பிடுவது என்பதில் சின்ன மாற்றம் செய்தாலும் விடை புரண்டுவிடும். பெரிய மருத்துவமனையில் ஆறாயிரம் பிறப்புகளுக்குள் கரைந்துபோகும் ஒரு துயரம், ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரு பெயரோடு நிற்கும். சிறிய குழுக்களைச் சோதிக்க எண்ணிக்கையைவிட ஒவ்வொரு நிகழ்வையும் நிமிடம் நிமிடமாகப் படித்துப் பார்ப்பதே வழி. அதைப் படிப்பவர்கள் இரு தரப்புக்கும் நம்பிக்கையானவர்களாகவும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோருக்குச் சராசரியைக் காட்டுவது பதிலாகாது என்பதும் உண்மை.

வீட்டுப் பிரசவம் ஆபத்தா என்ற பொதுக் கேள்விக்கு இங்கிலாந்திலேயே பெரிய ஆய்வு நடந்தது. சிக்கல் குறைந்த 64,538 பெண்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2011-இல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிரசவக்காரர்களுக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்கான ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தலைச்சன் பிரசவத்தில் தெரிந்தது: கடுமையான பாதிப்பு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் என்று திட்டமிட்டவர்களுக்கு 9.3. தலைச்சன்காரர்களில் நூற்றுக்கு 45 பேர் வீட்டில் தொடங்கி மருத்துவமனைக்கு மாற வேண்டியிருந்தது, மற்றவர்களில் 12 பேர். செலவு வீட்டில் 1,070 பவுண்டை ஒட்டியும், மருத்துவமனையில் 1,630 பவுண்டை ஒட்டியும் இருந்தது. தலைச்சன்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நடுவழியில் இடம் மாறுகிறார்கள் என்றால், மாறும்போது கூடவே வரும் மருத்துவச்சி யார் என்பது பெரிய கேள்வி. அது தெரிந்த முகமா என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. ஆல்பனி முறையை இந்த எண்களால் அப்படியே அளக்கவும் முடியாது, அவற்றை ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

பெக்கமை அடுத்த லாம்பெத்தில் பின்னர் கிடைத்த சான்று வேறு கோணத்தில் வெளிச்சம் போடுகிறது. அங்கே வறுமை மிகுந்த தெருக்களின் பெண்களுக்கு ஒரே மருத்துவச்சி முறையில் கவனிப்பு கிடைத்தது, வீட்டுப் பிரசவத்துக்கு அங்கே முதலிடம் இல்லை. 2021-இல் வெளியான ஒப்பீட்டில் குறைமாதப் பிறப்பு 5.1 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 11.2. சிசேரியன் 24.3, வழக்கத்தில் 38. பெக்கமில் பலனைத் தந்தது வீட்டின் நான்கு சுவர்கள் என்பதைவிட, தெரிந்த முகம் என்று நினைக்கவே இது இடம் தருகிறது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பெண்களைப் பிரித்துச் சோதித்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. லூயிஷமில் குறைமாதப் பிறப்பு ஆபத்துள்ள பெண்களிடம் நடந்த சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. குறைமாதப் பிறப்பு 24 விழுக்காடு குறைகிறது என்று 2016-இல் சொன்ன, ஆர்ச்சி காக்ரன் பெயரிலான தொகுப்பாய்வு, 2024-இன் புதுப்பிப்பில் அந்த உறுதியைத் தளர்த்திக்கொண்டது. பெண்களின் மனநிறைவும் சுகப்பிரசவமும் கூடுகின்றன என்பது மட்டும் அசையவில்லை.

இங்கிலாந்தில் கறுப்பினப் பெண் பிரசவத்தையொட்டி இறக்கும் வாய்ப்பு வெள்ளைப் பெண்ணைப்போல் ஐந்து மடங்கு என்று 2018-இல் வந்த தேசிய அறிக்கை சொன்னது நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டு தேசியச் சுகாதாரச் சேவை ஓர் இலக்கு வைத்தது: 2024-க்குள் கறுப்பின, ஆசியப் பெண்களிலும், மிக வறிய பகுதிகளின் பெண்களிலும் 75 விழுக்காட்டினருக்கு ஒரே மருத்துவச்சி. பெக்கமில் நடந்தது பெயர் சொல்லப்படாமல் கொள்கையாகத் திரும்பி வந்தது. ஆனால் 36 பெண்களுக்கு ஒரு மருத்துவச்சி என்ற கணக்குக்கு ஆள் வேண்டும், ஆள் இல்லை. இருந்தவர்களை வார்டிலிருந்து எடுத்துக் குழுவாக்கிய இடங்களில் வார்டு காலியானது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆம்புலன்ஸும் மருத்துவச்சியும் போதாமல் பல ஊர்களில் வீட்டுப் பிரசவச் சேவையே நிறுத்தப்பட்டது. ஷ்ரூஸ்பரி மருத்துவமனைகளின் தவறுகளை ஆராய்ந்த டோனா ஆக்கன்டன் 2022 மார்ச்சில் தந்த அறிக்கை, போதிய ஆள் இருப்பதாக உறுதி செய்ய முடியாத இடங்களில் இந்த முறையை நிறுத்திவைக்கச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியச் சுகாதாரச் சேவையிலிருந்து எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு கடிதம் போனது. ஒரே மருத்துவச்சி முறைக்கு வைத்திருந்த கெடு ரத்து, ஆள் சேர்ந்த பிறகு தொடரலாம் என்றது அது. புதிய தேதி எதுவும் அதில் இல்லை.